காணியைப் பிடித்தால் பூட்டன் வருவார்

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்து வயாவிளானைச் சேர்ந்தவள். 36 வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 71. என் இளைய மகன் இங்கத்தையப் பிள்ளை ஒருத்தியைக் கலியாணம் செய்திருக்கிறான். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மருமகளின் அம்மம்மாவுக்கு 93 வயது, நினைவு நல்ல தெளிவு. தங்கள் ஆட்கள் பென்சில்வேனியாவிலிருந்து மாட்டு வண்டியில் வந்தவர்கள் என்கிறார். மார்க்கத்தில் நைன்த் லைன் தாண்டி 200 ஏக்கர் காணியை அரசன் சும்மா கொடுத்தானாம். 1972இல் விமான நிலையம் கட்டவென்று அரசாங்கம் அதை எடுத்துவிட்டதாம். கையில் எழுத்து என்று இருப்பது ஒரு பழைய ஜெர்மன் பைபிள் மட்டும். இணையத்தில் பெயரைப் போட்டால் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். எங்கே தொடங்குவது? இன்னொன்று. அந்தப் பக்கம் ஏழெட்டுத் தலைமுறை இருக்கும் போலிருக்கிறது. என் பக்கத்தில் என்னுடைய அப்புவுக்கு மேலே எனக்கு ஒன்றும் தெரியாது. பேத்தியின் மரம் ஒரு பக்கம் மொட்டையாக நிற்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.
– வ. ச., ஸ்காபரோ

பதில்: வயதை நீங்களே எழுதிவிட்டபடியால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். முதல் வேலையாகப் பெயரைப் போட்டுத் தேடுவதை நிறுத்துங்கள். வயாவிளான் சந்தியில் நின்று ‘கந்தையா’ என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? பென்சில்வேனியா ஜெர்மன்காரர்களும் அதே சாதிதான். அப்பப்பாவின் பெயரைப் பேரனுக்கு வைத்து, அவன் தன் பேரனுக்கு வைத்து, ஒரே ஊரில் ஒரே காலத்தில் மூன்று பீட்டரும் நான்கு கிறிஸ்டியனும் இருந்தால் வியக்காதீர்கள். நான் இங்கே சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் காணி உரித்துத் தேடும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயரை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தை இரண்டு மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். கடைசியில் பார்த்தால் நான் பின்தொடர்ந்தவர் அடுத்த டவுன்ஷிப்பில் இருந்த வேறு ஆள். அந்தப் பிழையை எனக்குக் காட்டியது ஒரு லொட் இலக்கம். அன்றிலிருந்து காணியைப் பிடித்துக்கொண்டுதான் ஆளைத் தேடுகிறேன். ஆள் சாவார், பெயர் மாறும், எழுத்து மாறும். காணி இருந்த இடத்திலேயே இருக்கும்.

உங்களுக்குக் கிடைத்திருக்கிற நல்ல துப்பு ‘நைன்த் லைன்’. தினமும் வாயில் வருகிற அந்த வீதிப் பெயர் உண்மையில் ஒரு நில அளவைக் கோட்டின் இலக்கம். 1790களில் அளவையாளர்கள் இந்தக் காட்டுக்குள் 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். ஒரு சங்கிலி நீளத்தை வீதிக்கு அகலமாக விட்டார்கள். நூறு சங்கிலிக்கு, அதாவது ஒன்றேகால் மைலுக்கு, ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட நீளப் பட்டைதான் கொன்செஷன். அதைக் குறுக்கே வெட்டி இலக்கம் போட்ட துண்டு லொட். ஸ்காபரோவில் லோறன்ஸிலிருந்து எல்ஸ்மியர், அங்கிருந்து ஷெப்பர்ட், பிறகு ஃபின்ச், ஸ்டீல்ஸ் என்று எல்லாம் ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் இடைவெளியில் கிடப்பதற்குக் காரணம் அந்தச் சங்கிலிதான். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஒரு முழு லொட் பொதுவாக 200 ஏக்கர். ஏக்கருக்கு 16 பரப்பு என்ற நம்மூர்க் கணக்கில் 3,200 பரப்பு! எட்டுப் பரப்பு வளவுக்கு வேலிச்சண்டை பிடித்த பரம்பரையில் வந்த எனக்கு, முதன்முதல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று கொஞ்சம் தலை சுற்றியது.

ஆகவே உங்கள் முதல் கேள்வி ‘எந்தக் கொன்செஷன், எந்த லொட்?’ என்பதுதான். அம்மம்மாவிடம் கிட்ட இருந்த சந்தி எது, ஓடை எந்தப் பக்கம் ஓடியது, பள்ளிக்கூடம், கோயில், சவக்காலை எங்கே என்று கேட்டு எழுதுங்கள். பிறகு இரண்டு படங்களை எடுத்து வையுங்கள். ஒன்று, 1860இல் வந்த ட்ரமெயினின் யோர்க் கவுண்டி வரைபடம். மற்றது, 1878இல் மைல்ஸ் கம்பனி வெளியிட்ட யோர்க் கவுண்டி அட்லஸ். இரண்டிலும் ஒவ்வொரு லொட்டின் மேலும் அப்போது இருந்தவரின் பெயர் எழுதியிருக்கும். இந்த மாகாணத்துக் கவுண்டி அட்லஸ்களை மக்கில் பல்கலைக்கழகம் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: 1878 அட்லஸுக்குச் சந்தா கட்டியவர்களின் பெயர்தான் பளிச்சென்று இருக்கும். காணி இருந்தும் காசு கட்டாதவர் விடுபட்டிருக்கலாம். பெயரைக் காணவில்லை என்று மனம் சோர வேண்டாம்.

லொட் கிடைத்ததும் காணிப் பதிவுக்குப் போகலாம். மேல் கனடாவில், அதாவது அன்றைய ஒன்ராறியோவில், காணிப் பதிவுக் கந்தோர்கள் 1795ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தவை. முன்பு நாங்கள் கவுண்டரில் நின்று, கனமான பேரேட்டை இரண்டு கையால் தூக்கிப் புரட்டுவோம். 2020 ஒக்ரோபரில் கவுண்டர்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். இப்போது ‘ஒன்லாண்ட்’ என்ற இணையத் தளத்தில் பழைய பேரேடுகளின் படங்கள் இருக்கின்றன, பார்ப்பதற்குக் காசில்லை. யோர்க் பிராந்தியத்தின் இலக்கம் 65. அதற்குள் மார்க்கம், அதற்குள் கொன்செஷன், அதற்குள் லொட். அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரு காணியின் முழுச் சாதகமும் ஒரே அட்டவணையில் கிடக்கும்: யார் கொடுத்தார், யார் எடுத்தார், எந்தத் திகதி, எத்தனை ஏக்கர், என்ன விலை, அடைமானமா, மரண சாசனமா என்று.

இதை மேலிருந்து கீழே வாசிக்கக் கூடாது. 1972இலிருந்து பின்னோக்கி ஏறுங்கள். மருமகளின் ஆட்களிடமிருந்து அரசாங்கம் எடுத்த பதிவு ஒரு நிச்சயமான புள்ளி. அதிலிருந்து ஒவ்வொரு கையாகப் பின்னால் போனால் வழி தவறாது. மேலிருந்து இறங்கினால் காணி நாலாக எட்டாகப் பிரியும், எந்தக் கிளை உங்களுடையது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

உறுதிகளைத் திறந்து பார்க்கும்போது (1865க்கு முந்தியவற்றுக்குப் பெரும்பாலும் முழு உறுதி இராது, ‘மெமோரியல்’ எனப்படும் சுருக்கமே இருக்கும்) பெண்ணின் கையெழுத்தைத் தேடுங்கள். இந்த வேலையில் நான் படித்த பாடங்களில் மிகப் பெறுமதியானது இது. அன்றைய சட்டப்படி கணவன் இறந்தால் அவன் காணியில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு, ‘டவர்’ என்பார்கள். ஆகவே அவன் காணியை விற்கும்போது, அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவளும் வந்து ஒப்பமிட வேண்டும். ஒன்ராறியோவில் 1978வரை இந்த நடைமுறை இருந்தது. குடிசன மதிப்பில் வெறும் எண்ணாகவும் கல்லறையில் ‘இன்னாரின் மனைவி’யாகவும் நிற்கிறவள், உறுதியில் தன் சொந்தப் பெயரோடு நிற்பாள். 1831இல் எலிசபெத் ஒப்பமிட்டு 1838இல் பார்பரா ஒப்பமிட்டால், இடையில் ஒரு சாவும் ஒரு கலியாணமும் நடந்திருக்கிறது என்று பொருள். ஒருவரும் ஒப்பமிடவில்லையா? அவர் அப்போது தபுதாரனாகவோ பிரமச்சாரியாகவோ இருந்திருக்கலாம்.

பக்கத்து லொட்டையும் விடாதீர்கள். நம்மூர் உறுதியில் ‘கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு ஒழுங்கை’ என்று நாலெல்லையும் எழுதுகிறோமே, அந்த எல்லைக்காரர்களில் பாதிப்பேர் சொந்தக்காரராகத்தான் இருப்பார்கள். சீதனமும் முதுசமும் பிரித்துப் பிரித்து வந்த காணி அல்லவா? இங்கேயும் குதிரை ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்துக்குள்தான் பெண் எடுத்தார்கள். எலிசபெத்தின் தகப்பனைத் தேடுவதென்றால் வேலிக்கு அந்தப் பக்கம்தான் முதலில் பார்ப்பேன்.

இனி ‘அரசன் சும்மா கொடுத்தான்’ என்ற கதைக்கு வருவோம். இந்தக் கதை இல்லாத பழைய குடும்பம் ஒன்ராறியோவில் இல்லை. சில வீடுகளில் அது உண்மை. ரொறன்ரோவிலேயே அதற்கு நல்ல உதாரணம் அஷ்பிரிட்ஜ் குடும்பம். சாரா அஷ்பிரிட்ஜ் பென்சில்வேனியாவின் செஸ்ரர் கவுண்டியைச் சேர்ந்த ஒரு குவேக்கர் சபை விதவை. 1793இல், ஆளுநர் சிம்கோ யோர்க் நகரை நிறுவிய அதே வருடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். 1796இல் அந்தக் குடும்பத்துக்கு முடியிடமிருந்து 600 ஏக்கர் கிடைத்தது. தெற்கே ஏரிக் குடா, வடக்கே இன்றைய டான்ஃபோர்த் அவெனியூ. மூன்று லொட். சாரா 1801இல் இறந்துவிட்டார், குடாவுக்கு அவர் குடும்பப் பெயர் நிலைத்தது. கோடையில் நம் பிள்ளைகள் குளிக்கப் போகிற அஷ்பிரிட்ஜஸ் பே அதுதான். 1854இல் கட்டிய அவர்களின் வீடு குயீன் வீதி கிழக்கில் இன்னும் நிற்கிறது. காணி வெட்டி விற்று விற்று ஈற்றில் இரண்டு ஏக்கர் அளவில் சுருங்கியது. 1972இல் அதை மாகாண மரபுரிமை அமைப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகும் குடும்பத்தவர் ஒருவர் 1997வரை அங்கே குடியிருந்தார். ஒரே குடும்பம், ஒரே நிலம், இருநூறு வருடம். ஜெராட் வீதி இந்தியக் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். எண்பதுகளில் வந்தவர்கள் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் தேடி அந்தப் பக்கம் எத்தனை சனிக்கிழமை போயிருப்போம். ஒருநாள்கூட அந்த வீட்டை நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் மார்க்கத்துப் பென்சில்வேனியாக்காரர் விஷயம் வேறு. கடிதத்தில் ஜெர்மன் பைபிள் என்று எழுதியிருப்பதால், உங்கள் சம்பந்தி வீட்டார் மெனனைட் சபை வழியாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். சுவிற்சர்லாந்திலும் பிறகு ஜெர்மனியிலும் மதத்துக்காகத் துரத்தப்பட்டு, பென்சில்வேனியாவின் லங்காஸ்ரர் பக்கம் போய்க் குடியேறி, பெருகி, நிலம் போதாமல் 1800ஐ ஒட்டி வடக்கே வந்தவர்கள் அவர்கள். வந்ததும் பெரும்பாலும் குதிரை பூட்டிய கொனஸ்டோகா வண்டியில்தான். மாடும் கூட வந்திருக்கலாம், அம்மம்மாவோடு இதற்குச் சண்டை பிடிக்க வேண்டாம். இவர்களில் பலர் காணியை இலவசமாகப் பெறவில்லை. கைக்காசு கொண்டுவந்து வாங்கினார்கள். யோர்க்கில் இருந்த அதிகாரிகளுக்கும் இராணுவ அலுவலர்களுக்கும் அரசாங்கம் அள்ளிக் கொடுத்த காணியில், கொடுக்கப்பட்டவர் காலே வைக்காத துண்டுகள் நிறைய. அவர்களிடமிருந்து மெனனைட்டுகள் வாங்கினார்கள். ரீசோர் வீதிக்குப் பெயர் தந்த குடும்பத்தின் பீட்டர் ரீசோர் நிலம் பார்க்க முன்னதாகவே வந்து, குதிரையையும் சேணத்தையும் கொடுத்து நூற்றுக்கணக்கான ஏக்கர் வாங்கினார் என்று ஒரு கதை மார்க்கத்தில் வழங்குகிறது. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பம் 1804இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறியது வரலாறு.

இதனால் உங்களுக்கு வரும் நடைமுறை விளைவு என்னவென்றால், பேரேட்டின் முதல் வரியில், ‘பேற்றன்ற்’ என்ற முடியின் கொடைக்கு எதிரே, முன்பின் கேள்விப்படாத ஓர் ஆங்கிலேயப் பெயர் இருந்தால் திகைக்காதீர்கள். இரண்டாவது மூன்றாவது வரியில் உங்கள் ஆள் இருப்பார். உண்மையிலேயே முதல் வரியில் அவர் பெயர் இருந்தால், ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் மேல் கனடாக் காணி மனுக்களைப் பாருங்கள். அதுவும் இணையத்தில் இருக்கிறது. ‘நான் இன்ன இடத்தில் பிறந்தேன், இத்தனை பிள்ளைகள், இன்ன வருடம் வந்தேன், காணி தந்தருள வேண்டும்’ என்று ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பங்கள். அகதி விண்ணப்பத்துக்குக் கதை எழுதிப் பழகிய நமக்கு அந்த நடை உடனே விளங்கும். எதை அழுத்திச் சொல்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்றும் தெரியும். ஒன்றைக் கவனியுங்கள்: பேற்றன்ற் திகதி வந்து குடியேறிய திகதி அல்ல. மரம் வெட்டி, வீடு போட்டு, முன்னால் வீதி துப்புரவாக்கிக் காட்டிய பிறகே எழுத்து கிடைக்கும். இடையில் சில சமயம் பல வருடம் ஓடியிருக்கும்.

அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்பதால் அவர்களுக்கும் குடியுரிமைத் தலையிடி இருந்தது. 1820களில் ‘இவர்கள் அந்நியர், இவர்களின் காணி உரித்துச் செல்லுமா?’ என்று பெரிய அரசியல் தகராறு. 1828இல் சட்டம் போட்டுத்தான் தீர்த்தார்கள். அதன்கீழ் பதிந்த பேரேடுகள் 1850வரை இருக்கின்றன, தேடிப் பார்க்கத் தகுந்தவை. போர் செய்ய மாட்டோம் என்ற குவேக்கர், மெனனைட் ஆட்களுக்கு 1793ஆம் ஆண்டுப் படைச் சட்டம் விலக்குக் கொடுத்தது, ஆனால் சும்மா இல்லை. சமாதான காலத்தில் வருடம் 20 ஷில்லிங், போர்க் காலத்தில் 5 பவுண் கட்ட வேண்டும்.

அந்தப் பைபிளைப் பற்றி இரண்டு வார்த்தை. மெனனைட்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்த பிறகுதான். ஆகவே மற்றச் சபைகளில் கிடைக்கிற குழந்தை ஞானஸ்நானப் பதிவு இவர்களிடம் கிடைக்காது. ஒன்ராறியோவில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதோ 1869 ஜூலையில். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தப் பைபிளின் ஏடும் கல்லறைக் கல்லும்தான் சாட்சி. முன்பக்கத்தில் அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள். 1819இல் அச்சான புத்தகத்தில் 1780இலிருந்து பிறப்புகள் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால், யாரோ பின்னால் இருந்து நினைவிலோ வேறு தாளிலோ பார்த்து எழுதியது. நடக்க நடக்க எழுதியதென்றால் மையும் கையும் மாறியிருக்கும். எழுத்துப் பழைய ஜெர்மன் கையெழுத்தாக இருக்கும். இன்றைய ஜெர்மன்காரருக்கே வாசிக்கக் கடினம். படம் பிடித்து வைத்துக்கொண்டு தெரிந்தவரைப் பிடியுங்கள். புத்தகத்தைத் தயவுசெய்து ஸ்கானரில் போட்டு அமுக்க வேண்டாம், முதுகு முறிந்துவிடும்.

எல்லை தாண்டியதும் பெயரின் எழுத்து மாறும். ரீசோர் என்று இங்கே எழுதுகிற குடும்பம் அங்கே ரிஸர். நம்மிலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று நாட்டில் மூன்று எழுத்தில் சிவப்பிரகாசம் எழுதுகிறார்களே! லங்காஸ்ரர் கவுண்டியின் வரிப் பட்டியல்களில் ஒருவர் ஒரு வருடம் திடீரென்று மறைந்து, அதை ஒட்டி மார்க்கத்தில் ஒருவர் தோன்றினால் அது நல்ல அறிகுறி. அதோடு மார்க்கத்து உறுதியில் சாட்சிக் கையெழுத்து வைத்தவர் அங்கேயும் அயலவராக இருந்திருந்தால்தான் நான் நம்புவேன். குவேக்கர் குடும்பமென்றால் வேலை இலகு. ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்கள், அவற்றைக் குறித்தும் வைத்தார்கள்.

ஆக மேலே போனால் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பேற்றன்றுக்கு மேலே முடி. முடிக்கு எப்படி வந்தது? காணி உரித்துத் தேடுகிறவன் அந்த உறுதியையும் கேட்க வேண்டும் அல்லவா? ரொறன்ரோவுக்கு அந்த உறுதி 1787இல் எழுதப்பட்டது. மிசிசாகா என்ற முதற்குடி மக்களிடமிருந்து வாங்கியதாக. பிறகு எடுத்துப் பார்த்தால் உறுதி வெற்றுத்தாள்! என்ன காணி, எங்கே எல்லை என்று ஒரு சொல் இல்லை. மூன்று தலைவர்களின் குலச்சின்னங்கள் தனித்தனிச் சிறு தாள்களில் வரைந்து அதில் ஒட்டப்பட்டிருந்தன. நம்மூர் நொத்தாரிஸ் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் கோட்டுக்குப் போயிருப்பார். 1805இல் மறுபடி எழுதினார்கள்: கிழக்கே அஷ்பிரிட்ஜ் குடாப் பக்கமிருந்து மேற்கே எட்டோபிக்கோ ஓடைவரை, 250,830 ஏக்கர், விலை 10 ஷில்லிங். 2010இல் கனடா அரசு மிசிசாகா மக்களுக்கு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்தது. ஸ்காபரோ, கிழக்கு மார்க்கம் பக்கத்துக்கு 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகள். அதற்கான தீர்வு 2018இல் வந்தது. ஏழு முதற்குடிகளுக்கு 110 கோடி டொலருக்கு மேல். பேத்தியின் மரத்தில் இதற்குக் கிளை போட இடமில்லை. காணி வரலாறு என்று ஒரு தாள் சேர்த்து எழுதினால் அதில் இது முதல் வரியாக வர வேண்டும்.

1972 பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விமான நிலையத்துக்கென்று காணி போன வேதனை வயாவிளான்காரிக்குத் தெரியாததா? மத்திய அரசு அந்த வருடம் பிக்கறிங், மார்க்கம், அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்தில் 18,600 ஏக்கர் எடுத்தது. பரம்பரை பரம்பரையாக இருந்த பண்ணைக்காரர் பலர் தங்கள் வீட்டிலேயே வாடகைக்கு இருந்தார்கள். 1975இல் வேலை நின்றது. ஒரு விமானமும் இறங்கவில்லை. ஐம்பது வருடம் கழித்து, 2025 ஜனவரியில், விமான நிலையம் கட்டுவதில்லை என்று முடிவை அறிவித்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த், தமிழ்நாட்டுத் தகப்பனின் மகள். உங்கள் மருமகளின் காணிப் பேரேட்டில் அந்த எடுப்பு ஒரு பிளான் இலக்கத்தோடும் திகதியோடும் பதிந்திருக்கும். இங்கே நஷ்டஈடும் கிடைத்தது, எழுத்தும் கிடைத்தது. 1990இல் வயாவிளானிலிருந்து உடுத்த துணியோடு எழும்பியவர்களுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தை வாசித்தபோது, இரண்டு சம்பந்திக் கிழவிகளும் ஒருநாள் இதைப் பற்றி ஒரு மேசையில் இருந்து கதைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மகன் மொழிபெயர்க்கட்டும்.

கடைசியாக, மொட்டையாக நிற்கும் அந்தப் பக்கம். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது மொட்டை இல்லை. ஊரைவிட்டு வரும்போது பலபேர் நகையை விட்டாலும் உறுதியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் சீதன உறுதியோ அம்மாவின் சீதன உறுதியோ எங்காவது பெட்டிக்குள் இருக்கிறதா பாருங்கள். நம்முடைய உறுதி சாதாரண பத்திரம் அல்ல. அதன் முன்பகுதி ‘இன்ன இலக்க, இன்ன திகதி உறுதிப்படி என் தாயாரிடமிருந்து சீதனமாக எனக்கு வந்ததும்’ என்று மூலம் சொல்லும். அந்த மூல உறுதி அதற்கு முந்தியதைச் சொல்லும். தேசவழமையில் தாயின் சீதனம் மகளுக்குப் போகிற வழக்கம் இருந்ததால் அம்மா, அம்மம்மா, அவரின் அம்மா என்று பெண் வழியாகவே ஏறலாம். மார்க்கத்தில் மனைவியின் பெயரைக் கண்டுபிடிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேட வேண்டும் என்று மேலே எழுதினேனே, அந்த விஷயத்தில் நம்முடைய பத்திரம் ஒருபடி மேல். உறுதி கையில் இல்லாவிட்டாலும் நொத்தாரிஸின் பெயர், இலக்கம், திகதி தெரிந்தால் யாழ்ப்பாணக் காணிப் பதிவுக் கந்தோரில் பிரதி கேட்கலாம். காணியின் பெயர் நினைவிருந்தால் அதை முதலில் எழுதி வையுங்கள். மார்க்கத்தில் காணிக்கு இலக்கம்தான், நம்முடையவற்றுக்குப் பெயர் இருக்கிறது.

அதற்கும் மேலே ஒல்லாந்தர் எழுதிய தோம்பு என்ற பதிவேடு இருக்கிறது. 1658இலிருந்து 1795வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள், ஆளுக்கு ஒரு தோம்பு, காணிக்கு ஒரு தோம்பு என்று வரி வாங்க எழுதினார்கள். மிஞ்சியவை கொழும்புத் தேசிய சுவடிக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுத்து ஒல்லாந்த மொழி. நம்முடைய பெயர்கள் அந்த உச்சரிப்பில் உருமாறிக் கிடக்கும். பழைய காணி வழக்குகளில் தோம்புப் பிரதியைச் சாட்சியாகக் காட்டியதுண்டு. சாரா அஷ்பிரிட்ஜ் பிள்ளைகளோடு இந்தக் காட்டுக்குள் வந்த 1793இல் வயாவிளான் பக்கத்துச் செம்மண்ணுக்கு ஏற்கெனவே எழுத்து இருந்தது என்பதைப் பேத்திக்குச் சொல்லுங்கள்.

மரபணுச் சோதனைக் குப்பிக்கு இந்தக் கிழமை காசு செலவழிக்க வேண்டாம். அம்மம்மாவின் 93 வயது நினைவும் உங்கள் 71 வயது நினைவும்தான் அவசரம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே போனில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு இருவரையும் பேச வையுங்கள். லொட் இலக்கம் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். பேரேட்டின் முதல் பக்கத்தைச் சேர்ந்து வாசிப்போம். எழுதும்போது உங்கள் வளவின் பெயரையும் நாலெல்லையையும் நினைவிலுள்ள மட்டும் அதே கடிதத்தில் எழுதி அனுப்புங்கள், அக்கா.